அறை இருட்டு

டெல்லி முனிர்காவில் நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் அவளும் இறங்கி, சந்து முனையில் இருக்கும் பால் கடை வரை வந்துவிடுவோம். அங்கே அவள் நின்றுவிடுவாள். “ஏட்டி, சிலிண்டரை மூடுனேனா?” என்பாள். மூடியதை நான் என் கண்ணால் பார்த்திருப்பேன். சொன்னாலும் கேட்கமாட்டாள். “நீ இங்ஙனயே நில்லு, ஒரு நிமிசத்துல வந்துருதேன்” என்று துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாள். மூன்று மாடி ஏறி, பூட்டைத் திறந்து, ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்து, பூட்டி, மூன்று மாடி இறங்கி மூச்சு வாங்க வருவாள். எங்கள் பஸ் அதற்குள் போயிருக்கும்.

இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிளம்பும்போது ரெகுலேட்டரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தோம். எட்டாம் நாள் பால் கடையில் நின்று படத்தைப் பார்த்தவள், “இது நேத்து எடுத்ததா, இன்னைக்கு எடுத்ததா?” என்றாள். படத்திலேயே தேதியும் நேரமும் இருப்பதைக் காட்டினேன். “போன்ல தேதி தப்பாக்கூட இருக்கும்லா?” என்றாள். மறுநாளிலிருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, சிலிண்டர் மேல் சாய்த்துவைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் மூடிய ரெகுலேட்டர். அப்படி நூற்றுக்கணக்கான படங்கள் அவளிடம் இருந்தன. நானும் அவற்றைப் பார்த்து நூற்றுக்கணக்கான முறை சிரித்திருக்கிறேன்.

இப்போது அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்துச் சிரிக்க முடியாது.

அவளுக்குக் கோவில்பட்டிப் பக்கம், எனக்கு வேலூர். பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த ஒரு வளாகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருவரும் திட்ட உதவியாளர்கள். என்னைவிட ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள், அவ்வளவுதான் வித்தியாசம். வேலையை வருடாவருடம் நீட்டித்துத் தருவார்கள், அதுவும் பேராசிரியர் மேடம் கையெழுத்துப் போட்டால். செவ்வாய்க்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கீழே செருப்பை விட்டுவிட்டு வாங்கிய டோக்கனைப் பத்துப் படிக்கு ஒரு முறை உள்ளங்கையைத் திறந்து பார்த்துக்கொள்வாள். “முருகன் செருப்பையா எடுத்துக்கிட்டுப் போகப் போறாரு?” என்று கேட்டால், “அவரு எடுக்க மாட்டாரு. நான் டோக்கனைத் தொலைச்சிருவேன்” என்பாள். அவள் சந்தேகமெல்லாம் அவள்மேல்தான். மற்றவர்களை அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

“சின்ன வயசுல ஏதாவது நடந்துதா? வீடு கீடு தீப்பிடிச்சுதா?” என்று ஒரு முறை கேட்டேன்.

“ஒண்ணுமே நடக்கல. அதான் பயமா இருக்கு” என்றாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மாத்திரைகள் வரும். நல்ல மாத்திரையா, மருந்தைக் குறைத்து மாவை அதிகமாக்கிய போலியா என்று கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரையின் மேல் பச்சை லேசரைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளியை வைத்துத் திரையில் ஒரு கோடு வரையும். அதுதான் ராமன் நிறமாலை. கோட்டில் மேடும் பள்ளமுமாகச் சிகரங்கள் இருக்கும். எந்த எண்ணில் சிகரம் நிற்கிறது என்று பார்த்து இது மருந்து, இது மாவு, இது சுண்ணாம்பு என்று சொல்லிவிடலாம். உலகத்தின் பல ஆய்வுக்கூடங்கள் தங்கள் கோடுகளை ஏற்றிவைக்கும் பொதுத்தளம் ஒன்று இணையத்தில் உண்டு. நம் கோட்டைக் கொடுத்தால், இருப்பவற்றோடு ஒப்பிட்டு, எதனோடு எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று பட்டியல் போட்டுத் தரும். நாங்களும் எங்கள் கோடுகளை அதில் ஏற்றுவோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தத் தளம் மிகவும் பிடிக்கும். தொண்ணூற்றைந்து என்று வந்தால் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றுவேன். அவள் பின்னால் வந்து நிற்பாள். “யாரு ஏத்துனது? எந்த லேசர்? என்னைக்கு எடுத்ததாம்?”

“பொருத்தம் தொண்ணூத்தஞ்சுடி. அப்புறம் என்ன?”

“பத்துப் பொருத்தமும் பாத்துக் கட்டுன கல்யாணமெல்லாம் நல்லாவா இருக்கு? நம்மள மாதிரி எவளோ ஒருத்தி எங்கயோ உக்காந்து ஏத்திருக்கா. அவளுக்குத் தலைவலியா இருந்திருக்கும், வீட்டுக்குப் போற அவசரமா இருந்திருக்கும். அதை வச்சு நாம ஒரு மாத்திரையைப் போலின்னு சொல்லப் போறோம்.”

அவள் ஏற்றிய கோடுகள் அந்தத் தளத்தில் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். எனக்கு அந்த எண் கூடினால் பெருமை. அவளுக்கோ முகம் வாடும். “முப்பத்திரெண்டு பேரு எடுத்துட்டாங்கட்டி” என்று கலக்கத்தோடு சொல்லிவிட்டு, பழைய கோட்டைத் திறந்து மறுபடி சரிபார்க்க உட்காருவாள். தப்பு ஒன்று கூட அகப்பட்டதில்லை.

லேசர் இருந்தது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில். பழைய கட்டடம், உச்சியில் ஒரே ஒரு ட்யூப்லைட். அளவெடுக்கும்போது அது எரியக் கூடாது. கருவிக்கு லேசர் வெளிச்சம், ட்யூப்லைட் வெளிச்சம் என்ற பேதம் தெரியாது, இரண்டையும் சேர்த்து வரைந்துவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். காலையில் கருவியைத் திறப்பவர் முதலில் ஒரு சிலிக்கான் துண்டை வைத்து, சிகரம் சரியாக 520-ல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பதிவேட்டில் இரண்டு கட்டங்களில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதல் கட்டம்: சிலிக்கான் சரி. இரண்டாவது: அறை இருட்டு. அன்று முழுவதும் யார் அளந்தாலும் அந்த இரண்டுக்கும் பொறுப்பு திறந்தவர்தான்.

பெரும்பாலும் திறப்பது அவள். டிக் போட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வருவாள், உட்காருவாள், எழுந்து மறுபடி போவாள். அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி, “ஃபிர் ஸே, மேடம்ஜி?” என்று சிரிப்பார். மறுபடியுமா என்று அவரும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். இங்கே படம் எடுக்கும் வித்தை பலிக்கவில்லை. இருட்டை எப்படிப் படம் எடுப்பது? எடுத்தால் வெறும் கறுப்பாக இருக்கும். எந்த அறை, எந்த நாள் என்று ஒன்றும் தெரியாது. அதனால் காலால்தான் போய்ப் பார்த்து வர வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று பஸ்ஸில் ஒரு நிறுத்தம் போன பிறகு இறங்கித் திரும்பிவிட்டாள். நான் தனியாகப் போய், அவள் தாமதத்துக்கும் சேர்த்துப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் சண்டையாக ஆரம்பித்துக் கிண்டலாக முடித்தேன்.

“ஒரு நாள். ஒரே ஒரு நாள் எதையும் திரும்பிப் போய்ப் பார்க்காம இருந்து காட்டு. ஆர்.கே.புரத்துல மசால் தோசை வாங்கித் தர்றேன். உலகம் அழிஞ்சிடுதான்னு பார்ப்போம்.”

“வெங்காய ஊத்தப்பம்னா சரி” என்றாள்.

மறுநாள் காலை பால் கடையில் அவள் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். ஆய்வுக்கூடத்தில் போய் சிலிக்கான் பார்த்தாள், டிக் போட்டாள், மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எழவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டு இருந்தாள். “அச்சா! பலே!” என்று நான் கைதட்டிவிட்டு, மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு லேசர் அறைக்குப் போனேன்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இப்போதும் அச்சுப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அறை இருட்டாக இருந்தது. வெளியே மூடுபனி, தாழ்வாரத்திலேயே வெளிச்சம் இல்லை. குளிரில் விரல் விறைத்துப்போய் மாத்திரையைக் கண்ணாடித் தகட்டில் வைக்க வரவில்லை. சுவரைத் தடவிச் சுவிட்சைப் போட்டேன். ட்யூப்லைட் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. வைத்தேன், அளந்தேன். அடுத்ததை வைத்தேன், அளந்தேன். சுவிட்சை மறந்தே போனேன். பன்னிரண்டு மாத்திரைகள். பன்னிரண்டிலும் 480 பக்கம் ஒரு சிகரம் ஓங்கி நின்றது. மாவின் சிகரம் வரும் இடம் அது. ஒரு போலிச் சரக்கே அகப்பட்டுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. கிளம்பும்போது பழக்கத்தில் லைட்டை அணைத்துவிட்டுத்தான் வந்தேன். கோடுகளை ‘போலி எனச் சந்தேகம், மாவு மிகுதி’ என்று பெயரிட்டுத் தளத்தில் ஏற்றினேன். சாயங்காலம் ஊத்தப்பம் சாப்பிட்டோம். “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்று அவள் என்னிடம் சொன்னாள். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தாள்.

வெயில் தொடங்கியபின் ஒரு மின்னஞ்சல் வந்தது. மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியின் ஆசிரியை எழுதியிருந்தார். அந்த ஊர் இலவச மருத்துவமனையில் கொடுக்கும் வலிப்பு மாத்திரையைச் சோதித்தாராம். எங்கள் போலி மாத்திரையோடு தொண்ணூற்று மூன்று பொருத்தம். உடனே மருத்துவமனையில் சொல்லி, அந்த மாத்திரையை நிறுத்திவைத்து நான்கு நாளாகிறது. பயனுள்ள கோட்டைப் பகிர்ந்ததற்கு எங்களுக்கு நன்றி.

நான் அதைப் பெருமையாக உரக்கப் படித்தேன். அவள் பாதியிலேயே எழுந்து வந்தாள்.

“வலிப்பு மாத்திரையா? நிறுத்திட்டாங்களா?”

மின்னஞ்சலோடு வந்த கோட்டையும் எங்கள் கோட்டையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். “மாவுன்னா 480-ல அகலமா குந்தி இருக்கணும். இது 484-ல ஊசி கணக்கா நிக்கி” என்றாள். பிறகு லேசர் அறைக்கு நடந்தாள். நானும் போனேன். மாத்திரை எதுவும் வைக்கவில்லை. லேசரையும் போடவில்லை. ட்யூப்லைட்டை மட்டும் போட்டு அளந்தாள். திரையில் 484-ல் அந்த ஊசி தன்னந்தனியாக எழுந்து நின்றது. லைட்டை அணைத்து அளந்தாள். கோடு வெறும் தரையாகக் கிடந்தது.

“ரெண்டு ஊர்லயும் ஒரே மாத்திரை இல்லட்டி” என்றாள் இருட்டில். “ரெண்டு ஊர்லயும் ஒரே ட்யூப்லைட்டு.”

எனக்குச் சுவரைத் தடவிச் சுவிட்சைப் போட்டது ஞாபகம் வந்தது. அவள் அதற்குள் அந்த ஆசிரியையின் எண்ணைத் தேடிப் பிடித்து, தன் ஓட்டை இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை மறுபடி அளக்கச் சொன்னாள். ஜல்தி, ஜல்தி என்று கெஞ்சினாள். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஊசியைக் காணவில்லை, மாத்திரை நல்ல மாத்திரைதான். அன்றே மறுபடி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு பெண் வலிப்பு வந்து கீழே விழுந்துவிட்டாளாம். தாடையில் தையல். வேறு சேதம் இல்லை. அடுத்த ஒரு மாதமும் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அவள் தினமும் கேட்டு எழுதினாள். நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பதிலைக் கேட்கப் பயம்.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு. கத்துகிற ஆள் இல்லை அவர். தளத்திலிருந்து கோடுகளைத் திரும்பப் பெற வேண்டும், காரணம் எழுத வேண்டும், யார் பொறுப்பு என்று பெயரும் கேட்கிறார்கள் என்றார். பிறகு பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ஜனவரி மாதப் பக்கம். அறை இருட்டு என்ற கட்டத்தில் அவள் டிக்கும் கீழே அவள் கையெழுத்தும்.

“உன் கையெழுத்துதானே? லைட்டை அணைத்தாயா, இல்லையா?” என்று கேட்டார் ஆங்கிலத்தில்.

மூடிய ரெகுலேட்டருக்கு நூற்றுக்கணக்கில் படம் வைத்திருந்தவளிடம் இந்த ஒன்றுக்கு மட்டும் சாட்சி இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்திருந்தால் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அன்று போகவில்லை. நான்தான் போக விடவில்லை.

என் பக்கம் திரும்பினாள். கோபம் கொஞ்சம்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “நீ உள்ள போனப்ப எப்படி இருந்துச்சு? லைட்டு எரிஞ்சுதா? நான் அணைக்காமயே வந்துட்டேனா?”

எனக்கு அந்த ஜூனில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு. பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் அப்போது மனதில் ஓடியது என்று சொன்னால் அதுவும் பொய். ஒன்றும் ஓடவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

“ஞாபகம் இல்ல” என்றேன்.

அது போதுமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் நான் அணைத்தேன் என்று சாதித்திருப்பார்கள். அவள் தன்னை நம்பாத பெண். அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். “நாந்தான் மேடம். அணைக்காம வந்துருப்பேன்” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தளத்தில் எழுதினாள்: அளக்கும்போது அறை விளக்கு எரிந்திருக்கிறது, கருவியைத் திறந்தவரின் கவனக்குறைவு. கீழே தன் முழுப் பெயர்.

ஜூனில் அவளுக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. எனக்குப் பதிவு கிடைத்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவில் பெட்டியை ஏற்றியபின், “பையா, ஏக் மினிட்” என்று சொல்லிவிட்டு மூன்று மாடி ஏறிப் போனாள். அந்தச் சிலிண்டர் இனி என் பொறுப்பு. ஆனாலும் போனாள். திரும்பி வந்து ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி, “ஏட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு உள்ள இருட்டாவா இருந்துச்சு?” என்றாள்.

இரண்டாவது முறையும் ஞாபகம் இல்லை என்றேன்.

ஆறேழு வருடம் ஆகிறது. நான் முனைவர் பட்டம் வாங்கி, நொய்டாவில் ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறேன். அந்தத் தளமும் இருக்கிறது. திரும்பப் பெற்ற கோட்டின் பக்கத்தை அழிக்கமாட்டார்கள். காரணமும் பெயரும் அப்படியே நிற்கின்றன. நான் மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்ப்பேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விளையாட்டு வினையாகும் என்பார்கள். விளையாட்டோடு நின்றிருந்தால்கூட என்னை மன்னித்திருப்பேன்.

பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து என்று எங்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறாள் என்று தெரியும். போன வாரம் வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. “லேப் வேண்டாம், தியரி மட்டும் தாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்ட்டி. பிள்ளைங்க ஆசிட்டு, பர்னர்னு நிக்கிதுங்க. அணைச்சேனா அணைக்கலையான்னு எனக்கே தெரியாதப்ப அதுங்களை எப்படி உள்ள விடுறது? முன்னால திரும்பிப் போய்ப் பாத்தா மனசு அடங்கும். இப்ப பாத்துட்டு வந்தாலும் அடங்க மாட்டேங்கு. கண்ணு பாத்துச்சுன்னு எப்படி நம்புறது?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழைய சிரிப்பு அதில் இல்லை.

அதை நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை கேட்க முடியவில்லை.

நேற்றுக் காலை தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். அந்தப் பன்னிரண்டு கோடுகளையும் அளந்தவள் நான், விளக்கைப் போட்டவள் நான், அங்கே இருக்கும் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள் என்று. பழைய பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவள் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் இதுதான் காரணம். அது இருக்கக் கூடாத ஓர் இடத்தில் இத்தனை வருடமாக இருக்கிறது, இன்னோர் இடம் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு எழுதினேன். மன்னிப்பு, விளக்கம் என்று நீளமாக எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன்.

“நான் உள்ளே போனபோது அறை இருட்டாகத்தான் இருந்தது. நீ அணைத்திருந்தாய். நான்தான் போட்டேன். நீ கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும்.”

அனுப்பிய உடனே பார்த்துவிட்டாள். இரண்டு டிக்கும் நீலமாயின. ‘எழுதுகிறார்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. கைபேசியைப் பைக்குள் போடுகிறேன், நாலு அடி நடக்கிறேன், திரும்பி வந்து எடுத்துப் பார்க்கிறேன். பதில் வந்ததா என்று மட்டுமில்லை. நான் அனுப்பியது உண்மையிலேயே போயிருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.